நூறு குண்டும் ஒரு ஜோடிக் கண்ணும்

உருகிய ஈயம் அச்சுக்குள் போக வேண்டும். பூட்ஸ் மேல் போகக் கூடாது. இது எனக்குத் தெரியும். ஐம்பது வருஷமாகத் தெரியும். ஆனால் மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை காலை அது ஈயத்துக்குத் தெரியவில்லை.

கொட்டகை வாசலில் கேஸ் அடுப்பு வைத்து, இரும்புச் சட்டியில் ஈயம் உருக்கிக்கொண்டிருந்தேன். நல்ல ஈயம். இடித்துப்போட்ட சர்ச்சின் கூரைத் தகட்டிலிருந்து எடுத்தது. நகத்தால் கீறினால் கோடு விழும், அவ்வளவு மென்மை. ஒரு துண்டு மெழுகு போட்டேன். அழுக்கு மேலே வந்தது. வழித்தேன். அடியில் கண்ணாடி மாதிரி பளபளத்தது. என் முகம்கூடத் தெரிந்திருக்கும், எனக்குத் தெரியவில்லை, அது வேறு விஷயம்.

எங்கள் கென்டக்கி மலைப்பக்கத்தில் இன்னும் பழங்காலத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் நாங்கள் முப்பது பேர். குழல் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்டி, துணியில் பொதிந்த ஈயக் குண்டை இடித்து இறக்கி, குறி பார்த்துச் சுடுவோம். குண்டை அவரவரே வார்த்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் சங்கத்தின் சட்டம். அக்டோபரில் போட்டி. பரிசு, புகை போட்ட ஒரு முழுப் பன்றித் தொடை. அதை நான் நான்கு முறை வாங்கியிருக்கிறேன். போன வருஷம் பக்கத்து வீட்டு டெல்பர்ட் வாங்கினான். அவன் சுட்டது ஐந்து குண்டு. அவன் குறி அட்டையில் இருந்தது எட்டு ஓட்டை. மிச்ச மூன்று யாருடையது என்று நடுவர் கேட்டார். நான் தொப்பியைச் சரிசெய்துகொண்டேன்.

சரி, பூட்ஸுக்கு வருகிறேன். கரண்டியில் ஈயம் மொண்டு அச்சின் ஓட்டையைப் பார்த்தேன். ஓட்டை இரண்டாகத் தெரிந்தது. அதில் பயப்பட ஒன்றும் இல்லை. கொஞ்ச நாளாகவே அப்படித்தான். வழக்கமாக இடது பக்கத்து ஓட்டைதான் நிஜம். அன்றைக்கென்று வலது பக்கத்தது நிஜமாகிவிட்டது.

ஊற்றினேன். பூட்ஸ் புகைந்தது. நான் ஆடினேன்.

சமையலறை ஜன்னலிலிருந்து ஓப்பல் பார்த்துவிட்டாள். என் மனைவி. இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினவள். முதுகுக்குப் பின்னால் அறுபது பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்பதை முன்னால் பார்த்தபடியே சொல்லக்கூடியவள். வேறு யாராவது என்றால் வாளித் தண்ணீரோடு ஓடி வந்திருப்பார்கள்; அதில் ஒரு சொட்டு சட்டியில் விழுந்திருந்தால் ஈயம் வெடித்துக் கொட்டகையே பறந்திருக்கும். ஓப்பல் ஓடி வந்தாள், முதலில் அடுப்பை அணைத்தாள், கரண்டியை என் கையிலிருந்து பிடுங்கிக் கீழே வைத்தாள், என்னைப் பெஞ்சில் தள்ளி பூட்ஸின் கயிற்றை அவிழ்த்தாள். முடிச்சு அவள் விரலுக்கு அகப்படாமல் வழுக்கியது.

தோல் தடிமனான பூட்ஸ். கால் கொஞ்சம் சிவந்திருந்தது, அவ்வளவுதான்.

"விரலை ஆட்டு."

ஆட்டினேன்.

"அஞ்சையும் ஆட்டு."

"அஞ்சும்தானே ஆடுது?"

"எனக்கு நாலுதான் ஆடற மாதிரி தெரியுது. எனக்கும் கண்ணு போயிடுச்சோ என்னவோ."

"என் கண்ணுல ஒண்ணும் இல்ல ஓப்பல். காத்து அடிச்சுது. ஈயம் தள்ளிப்போச்சு."

"காத்தா? கொடியில காயற துணி அசையவே இல்லையே."

"எந்தக் கொடி?"

அந்தக் கேள்வியை நான் கேட்டிருக்கக் கூடாது.

அவள் என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். "ஹோபர்ட், போன வருஷமே டாக்டர் சொல்லிட்டார். புரை. ரெண்டு கண்ணுலயும். பத்து நிமிஷ வேலை. ஊர்ல பாதிப்பேர் பண்ணிக்கிட்டாங்க."

"மிச்சப் பாதி என் கட்சி."

"மிச்சப் பாதிக்கு முப்பது வயசுகூட ஆகல."

நான் கோழை இல்லை. முப்பத்து நான்கு வருஷம் மாவட்டச் சாலைத்துறையில் பனி தள்ளும் வண்டி ஓட்டினேன். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பாதாளம், நடுவில் நான், சக்கரத்துக்கு அடியில் பனிக்கட்டி. பயந்ததே இல்லை. ஆனால் கண் வேறு. பயமாக இருந்தால் மனுஷன் கண்ணை மூடிக்கொள்வான். அங்கே கத்தி வரும்போது கண்ணையே மூட விடமாட்டார்களாம். அப்படியானால் பயப்படுவதற்கு என்னதான் வழி? ஆகவே அன்றைக்கே சபதம் எடுத்தேன். என் உயிர் உள்ளவரை என் கண்ணுக்குள் கத்தியோடு எவரும் நுழைய முடியாது.

சபதத்தை ஓப்பலிடம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். ஒரு வாரம் அந்தப் பேச்சே இல்லை. சண்டை போட்டால் பதில் சொல்லலாம். சும்மா இருப்பவளை என்ன செய்வது?

அடுத்த சனிக்கிழமை மத்தியானம், மொச்சைச் சாறும் சோள ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தட்டில் வெண்ணெய் எங்கே இருக்கிறது என்று நான் கத்தியால் தேடிக்கொண்டிருந்தேன். ஓப்பல் எதையோ யோசிக்கிறவள் மாதிரி சொன்னாள்:

"கொட்டகையை இன்னைக்குக் கூட்டினேன். நீ வார்த்த குண்டு மூணு டப்பா இருக்கு. நல்லதும் சொத்தையும் ஒண்ணா கெடக்கு."

"எல்லாம் நல்லதுதான்."

"அச்சு சூடாகறதுக்கு முன்னாடி ஊத்தினது சுருங்கிப் போயிருக்கு. சிலது உள்ள பொள்ளல்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் வார்த்த குண்டுல எது நல்லது எது சொத்தைன்னு ஒரு பார்வை பார்த்தா சொல்லிடுவேன். இந்த ஜில்லாவுலயே குண்டைப் பத்தி என்னைவிடத் தெரிஞ்சவன் கெடையாது."

"குண்டைப் பத்தி உனக்குத் தெரியாம இருக்குமா? நாப்பது வருஷமா நீயே அதைத்தானே வளர்க்கறே." என் வயிற்றைப் பார்த்துத்தான் சொன்னாள். எனக்குத் தெரியாவிட்டாலும் தெரியும்.

"சவால் விடறேன் ஓப்பல்!"

அவள் ஸ்பூனைக் கீழே வைத்தாள். அவ்வளவு மெதுவாக வைத்திருக்கக் கூடாது. எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"சரி. ஒரு டப்பாவுல நூறு குண்டு எண்ணி வைக்கிறேன். உள்ள சில சொத்தையைக் கலந்திருப்பேன். எத்தனைன்னு சொல்ல மாட்டேன். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள பொறுக்கி எடு. சரியா எடுத்துட்டா, கண் டாக்டர் பேச்சை இந்த வீட்டுல நான் எடுக்கவே மாட்டேன்."

"தப்பா எடுத்தா?"

"நீயா வந்து வண்டியில ஏறிக்கணும். முனகக் கூடாது."

"ஒப்புக்கறேன்."

"கண்ணாலதான் பாக்கணும். கையுறை போட்டுக்கிட்டுத் தொடு. ஈயத்தை வெறுங்கையால தடவிட்டு அதே கையால பிஸ்கட் எடுக்கறவன் நீ."

ஞாயிறு. சர்ச்சுக்குப் போய் வந்து, டப்பாவோடு கொட்டகை வாசலில் உட்கார்ந்தேன். நல்ல வெயில். ஒரு குண்டை எடுத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு மூட்டம். இன்னொன்றை எடுத்தேன். அதுவும் மூட்டம். கிட்டே கொண்டுவந்தேன். மூக்கில் இடித்தது. மூக்கில் இடித்ததால் குண்டு இருப்பது உறுதியானது. நல்லதா சொத்தையா என்பது உறுதியாகவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் டெல்பர்ட் புல் வெட்டிக்கொண்டிருந்தான். கை தட்டிக் கூப்பிட்டேன்.

"ஒரு சின்ன உதவி. இதுல சொத்தையா இருக்கறதை மட்டும் எடுத்துக் குடு."

"மிஸ் ஓப்பலுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப எனக்கும் தெரியாது. நான் இங்க வரவே இல்ல."

"டெல்பர்ட்! உனக்கு வயசு நாப்பத்தஞ்சு!"

"வாஸ்தவம். ஆனா நான் அவங்க பஸ்ல ஏறினப்ப எனக்கு வயசு ஏழு. சீட்டுக்கு அடியில சூயிங்கம் ஒட்டினேன். கண்ணாடியில ஒரு பார்வை பார்த்தாங்க பாருங்க ஹோபர்ட், அந்தப் பார்வை என் முதுகுல இன்னும் இருக்கு. வேணாம்."

"கால்ல விழறேன்னு வச்சுக்கோ."

"விழாதீங்க. என் கால் எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது."

ஆனாலும் இளகிய மனசுக்காரன். டப்பாவைக் கிளறி ஒரு குண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். "இது ஒண்ணு நல்லது. இவ்வளவுதான் சொல்லுவேன்." அப்புறம் இரண்டை எடுத்து இரண்டு கையிலும் குலுக்கினான். "அட, ஒண்ணு லேசா இருக்கே. உள்ள பொள்ளல் போல." சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான். "நான் எதுவும் சொல்லல." இரண்டையும் டப்பாவிலேயே போட்டுக் கலக்கிவிட்டு ஓடிவிட்டான்.

எனக்கு அது போதும்.

எடை! கண்ணுக்கு மறைவது எடைக்கு மறையாது. என்னிடம் வெடிமருந்து நிறுக்கும் எலெக்ட்ரானிக் தராசு உண்டு. எடுத்தேன். எண் தெரியவில்லை. திருப்பி வைத்தேன். சோர்ந்துவிடவில்லை. கோட்டு மாட்டும் கம்பி ஒன்றைக் கொட்டகை ஆணியில் தொங்கவிட்டேன். இரண்டு முனையிலும் தூண்டில் நரம்பு. ஒவ்வொரு நரம்பிலும் ஒரு ஜாம் பாட்டில் மூடி. இடது மூடியில் டெல்பர்ட் கொடுத்த நல்ல குண்டு. அதற்கு மயிரிழை கீழே ஒரு தகரத் தட்டு. வலது மூடியில் சோதிக்க வேண்டிய குண்டு. இரண்டும் சமம் என்றால் சத்தம் இல்லை. சோதிக்கிற குண்டு லேசு என்றால், நல்ல குண்டு கனத்தில் இறங்கித் தட்டைத் தொடும்: டிங்!

ஆஹா! கண்ணே வேண்டாம். காது போதும்.

மத்தியானம் முழுக்க, குண்டு மாற்றும்போது இடது மூடியை விரலால் தாங்கிக்கொண்டு, ஒவ்வொன்றாகப் போட்டேன். நூற்றில் தொண்ணூற்று மூன்று மௌனம். ஏழு டிங். கண் இல்லாதவனுக்குக் கணக்கு இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன். ஏழையும் ஒரு காபி டப்பாவில் போட்டு, கம்பியைக் கழற்றி ஒளித்துவிட்டு, சமையலறைக்குள் ராஜா மாதிரி நுழைந்தேன். நிலைப்படியில் இடித்துக்கொண்டேன். ராஜாக்களும் இடித்துக்கொள்வார்கள்.

"இந்தா. ஏழு."

ஓப்பல் கையைத் துடைத்துவிட்டு வந்தாள். ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வரிசையாக வைத்தாள்.

"எப்படிப் பார்த்தே?"

"கண்ணாலதான்."

"கண்ணால."

"பின்ன காதாலயா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவள் பெருமூச்சு விட்டாள். என் தோளில் கைவைத்தாள். "ஹோபர்ட்... சொல்லவே கஷ்டமா இருக்கு. நான் சொத்தை எதுவும் கலக்கவே இல்ல. டப்பாவுல நூறும் நல்ல குண்டு."

"என்னது?"

"உனக்குத் தெரியுதான்னு பார்க்கத்தான் அப்படிச் சொன்னேன். நீ பாவம், ஏழு நல்ல குண்டைச் சொத்தைன்னு எடுத்துட்டு வந்திருக்கே."

"இருக்காது! நல்லாப் பாரு!"

"நான் பார்த்துட்டேன். நீ பாரு." ஒரு குண்டை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "எங்க சுருக்கம்? காட்டு."

மூட்டம். சாம்பல் மூட்டம்.

என் நிலையைக் கொஞ்சம் யோசியுங்கள். டிங் என்றது பொய்யாக இருக்க முடியாது. ஆனால் டிங் என்றதைச் சொன்னால் நான் திருட்டுத்தனம் செய்தது வெளியே வரும். சொல்லாவிட்டால் குருடன். சொன்னால் அயோக்கியன், அதோடு குருடன்.

"புதன்கிழமை காலையில ஏழு மணிக்குக் கிளம்பணும்" என்றாள் ஓப்பல்.

நான் முனகவில்லை. அதுதான் ஒப்பந்தம்.

ஆஸ்பத்திரிக்கு அவள்தான் ஓட்டினாள். உள்ளே ஒரு பெஞ்சில் உட்கார வைத்துக் கண்ணில் சொட்டு மருந்து விட்டார்கள். என் கை ஜில்லிட்டுப் போயிருந்தது. ஓப்பல் அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"வலிக்குமா?"

"வலிக்காதுன்னு சொல்றாங்க."

"யாரு சொல்றா? கத்தி வச்சிருக்கறவங்கதானே?"

"நான் இங்கயேதான் இருப்பேன். பஸ் ஸ்டாப்புல ஒரு பிள்ளை வரலைன்னாலும் வண்டியை எடுக்காம நின்னிருக்கேன் இல்ல? அப்படி நிப்பேன்."

அதற்கு மேல் பயப்பட எனக்கு வெட்கமாக இருந்தது.

கத்தியை நான் பார்க்கவே இல்லை. வெளிச்சம் ஒன்று பார்த்தேன், யாரோ பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிப் பேசினார்கள், முடிந்துவிட்டது. வலது கண். சுடுகிற கண். மறுநாள் காலை நர்ஸ் கண் மூடியை எடுத்தபோது முதலில் தெரிந்தது சுவர். வெள்ளைச் சுவர். அப்புறம் ஒரு நீல ஸ்வெட்டர். அதற்கு மேலே ஓப்பல்.

"ஸ்வெட்டர் புதுசா?"

"மூணு வருஷம் ஆச்சு."

"பழுப்புன்னுல்ல நினைச்சேன்."

அவள் முடியைப் பார்த்தேன். பொன்னிறம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். பனி மாதிரி வெள்ளை. கண்ணோரத்தில், வாயோரத்தில், நெற்றியில், எங்கும் மெல்லிய கோடுகள். நான் இல்லாத நேரத்தில் யாரோ வந்து வரைந்துவிட்டுப் போன மாதிரி. அவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அப்படிப் பாக்காதே. சுருங்கிப் போயிட்டேன்."

"திரும்பு."

"வேணாம் போ."

"திரும்பு ஓப்பல். நாலு வருஷப் பாக்கி இருக்கு. பார்த்துக்கறேன்."

திரும்பினாள். பஸ் கண்ணாடியில் அறுபது பிள்ளைகளை ஒரே பார்வையில் அடக்கினவளுக்கு என் ஒரு கண்ணை நேராகப் பார்க்க முடியவில்லை. கைக்குட்டையைத் தேடினாள். நர்ஸ் அதற்குள் வேறு வேலை இருப்பது போல வெளியே போய்விட்டாள். நல்ல பெண்.

இப்படியே கதையை முடித்தால் எனக்குக் கௌரவமாக இருக்கும். ஆனால் இரண்டு வாரம் கழித்து கொட்டகையைத் திறந்தேன். காபி டப்பா அலமாரியில் இருந்தது. மூடியைத் திறந்து வலது கண்ணால் பார்த்தேன்.

ஏழு குண்டு. ஒவ்வொன்றும் காய்ந்த திராட்சை மாதிரி சுருக்கம். ஒன்றில் பொள்ளல் என் சுண்டுவிரல் நகம் போகிற அளவுக்கு. பெரிய டப்பாவைக் கவிழ்த்தேன். மிச்சம் தொண்ணூற்று மூன்றும் மழமழவென்று முத்து மாதிரி.

வீட்டுக்குள் ஓடினேன். நிலைப்படியில் இடித்துக்கொள்ளவில்லை.

"ஓப்பல்! ஏழும் சொத்தை! நான்தான் ஜெயிச்சேன்!"

அவள் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. "ஆமா."

"ஆமாவா? அப்ப நீ பொய் சொன்னே!"

"ஆமா. ஞாயித்துக்கிழமைன்னுகூடப் பார்க்கல. பாஸ்டர்கிட்ட சொல்லி மன்னிப்புக் கேட்டுட்டேன். சிரிச்சாரு."

"இது மோசடி!"

"நீ எப்படிக் கண்டுபிடிச்சே? கண்ணாலயா?"

தொப்பியைச் சரிசெய்துகொண்டேன்.

"ஜன்னல் திறந்துதான் இருந்துச்சு ஹோபர்ட். டிங்குன்னு கேட்கறப்பல்லாம் எண்ணிக்கிட்டே இருந்தேன். ஆறாவதுக்கப்புறம் ரொம்ப நேரம் சத்தமே இல்ல. ஏழாவதை விட்டுடுவியோன்னு எனக்கே பக்குன்னு ஆயிடுச்சு."

எனக்குக் கோபம்தான் வந்தது. "அப்படின்னா சவால்ல நான் ஜெயிச்சேன். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். இடது கண்ணைத் தொட விடமாட்டேன்."

"சரி" என்றாள். "நீ ஜெயிச்சே. இனிமே கண் டாக்டர் பேச்சை நான் எடுக்கவே மாட்டேன். சத்தியம்."

எடுக்கவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், ஐந்து நாள். எனக்கோ வலது கண்ணை மூடினால் உலகம் பழுப்பு, இடது கண்ணை மூடினால் நீலம். இரண்டையும் திறந்தால் படியில் கால் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. காலையில் அவள் ஜன்னலோரம் நின்று காபி குடிக்கும்போது பாதி முகம் தெளிவாகவும் பாதி முகம் புகையாகவும் தெரிந்தது. பாதி ஓப்பல் எனக்குப் போதவில்லை. அவளே ஒரு வார்த்தை கேட்டால் என்ன? கேட்க மாட்டாளே. சத்தியம் செய்தவள். "ஓப்பல், இந்த இடது பக்கம் கொஞ்சம்..." என்று ஆரம்பிப்பேன். "உப்பு வேணுமா?" என்பாள்.

புதன்கிழமை அவள் சர்ச்சில் பாட்டு ஒத்திகைக்குப் போனாள். வண்டிச் சத்தம் வளைவைத் தாண்டும்வரை காத்திருந்தேன். நானே, என் சொந்த முடிவாக, யாரும் சொல்லாமலேயே, ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். ஆண்பிள்ளை மாதிரி குரலை வைத்துக்கொண்டு, இடது கண்ணுக்கு ஒரு தேதி வேண்டும் என்றேன்.

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம். அப்புறம் அந்தப் பெண் சொன்னாள்:

"உங்க மிஸஸ் ஏப்ரல் மாசமே ரெண்டு கண்ணுக்கும் சேர்த்துத் தேதி வாங்கிட்டாங்களே சார். நீங்களா ஒரு நாள் போன் பண்ணுவீங்க, பண்ணினா இதைச் சொல்லாம அப்பதான் புதுசா தேதி குடுக்கற மாதிரி குடுங்கன்னும் சொல்லியிருந்தாங்க... ஐயையோ, மறந்துட்டேன் சார்."